மாத்திரை போட்டாச்சா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

நீங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் டல்லாஸிலும் இருக்கிறீர்கள். உங்கள் அப்பா அம்மா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன ஊரில் இருக்கிறார்கள். கடைத்தெரு முனையில் 31 வருஷமாக மருந்துக்கடை வைத்துக்கொண்டு நடுவில் நான் இருக்கிறேன். உங்களில் பலர் பள்ளிக்கூடப் பையோடு வந்து என்னிடம் இருமல் மிட்டாய் வாங்கித் தின்றவர்கள். இப்போது மாசம் பிறந்தால் போனில் பணம் போட்டுவிட்டு, "அங்கிள், அம்மாவுக்கு மாத்திரை குடுத்துடுங்க" என்று ஒரு வரி அனுப்புகிறீர்கள். நானும் காகிதப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

ராத்திரி எட்டரை மணிக்கு உங்கள் போன் வரும் என்பதும் எனக்குத் தெரியும். சில நாள் அவர்கள் என் கடை வாசலில் நிற்கும்போதே வந்துவிடும்.

"சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

அத்தோடு பேச்சு பேரன் படிப்புக்கும் ஊர் மழைக்கும் போய்விடும். அந்தக் கேள்வி போதாது என்று சொல்லத்தான் இந்த மடல். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மாத்திரை போடாமல் விட்டுவிடுவார்களோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கோ, அவர்கள் போட்டதையே வேறு பெயரில் இன்னொரு தடவை போடுவதுதான் பெரிய பயம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தை அமாவாசை அன்று பதினோரு மணி இருக்கும். அடுத்த தெருப் பையன் ஓடி வந்து குளுக்கோஸ் பொடி கேட்டான். யாருக்கு என்று கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு அவனோடு ஓடினேன். எழுபது தாண்டிய பெரியம்மா திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது. என்னை யாரென்று தெரியாதவர் போலப் பார்த்தார். மீட்டர் 48 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். (நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.)

அப்புறம் அவர் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். பழைய பிஸ்கட் டப்பாதான். அதில் கிளிமிப்பிரைடு 2 மில்லிகிராம் ஒரு கம்பெனி அட்டையில் ஆறு மிச்சம் இருந்தது. அதே கிளிமிப்பிரைடு 2 மில்லிகிராம் வேறொரு கம்பெனி அட்டையில் ஒன்பது. இரண்டாவது அட்டை நான் கொடுத்தது. வழக்கமான கம்பெனி சரக்கு வரவில்லை என்று, "கம்பெனிதான் வேற பெரியம்மா, மருந்து ஒண்ணுதான்" என்று சொல்லிக் கொடுத்தேன். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு, மாத்திரையின் வடிவம் வேறு. சுகருக்குப் புதுசாக ஒன்று சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். காலையில் இரண்டையும் போட்டிருக்கிறார். அன்றைக்கு விரதம் வேறு. காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பாடு.

கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் இட்லி இருக்கிறதா, விரதமா என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் அன்றைய முதல் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரை ஆபத்து. மெட்ஃபார்மினை மட்டும் போடுகிறவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. இரண்டையும் "சுகர் மாத்திரை" என்று ஒரே பெயரில்தான் நம் வீடுகளில் சொல்கிறோம். கிருத்திகை, ஏகாதசி, அமாவாசை, ரமலான் நோன்பு என்று எது வந்தாலும், அன்றைக்கு எதைப் போடுவது, எதை நிறுத்துவது என்று முந்தைய வாரமே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று. கிளிமிப்பிரைடினால் இறங்கிய சர்க்கரை ஒரு தடவை ஏறிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மருந்து உடம்பில் இருக்கும்வரை, சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது அதற்காகத்தான்.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கம்பெனி மாற்றிக் கொடுத்தால், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். கொண்டுவந்தால்தான் புதியது. சிலர் முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.

ஒரே மருந்து பல பெயர்களில் வீட்டுக்குள் வருவது இப்போது முன்பைவிட அதிகம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அது பெரிய உபகாரம். அங்கே மருந்து அதன் சொந்தப் பெயரில் வரும்: அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று. நீங்கள் தீபாவளிக்கு வந்தபோது அப்பாவை டவுனில் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் அழைத்துப் போனீர்கள் அல்லவா? அவர் எழுதிய சீட்டில் கம்பெனிப் பெயர் இருக்கும். உதாரணத்துக்கு டெல்மா ஏ.எம். அதற்குள் டெல்மிசார்டன், அம்லோடிபின் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. டெல்மா 40-ல் டெல்மிசார்டன் மட்டும். டெல்மா எச்-சில் டெல்மிசார்டனோடு நீர் பிரிக்கும் மருந்து. கடைசியில் இருக்கும் அந்த ஓரெழுத்து, ஈரெழுத்துக்குள் ஒரு முழு மருந்து ஒளிந்திருக்கிறது.

அப்பா என்ன செய்வார்? ஸ்பெஷலிஸ்ட் கொடுத்ததும் முக்கியம், வீட்டுக்கு வந்து அந்தத் திட்டத்துப் பெண் கொடுத்ததும் முக்கியம். இரண்டையும் போடுவார். அம்லோடிபின் இரட்டிப்பாகும். இரண்டு மூன்று வாரத்தில் கணுக்கால் வீங்கும். அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுதான் அது, அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். கால் வீக்கம் என்று இன்னொரு டாக்டரிடம் போவார். அவரிடம் பழைய சீட்டைக் காட்ட மாட்டார். நீர் மாத்திரை எழுதுவார்கள். நீர் மாத்திரையால் ராத்திரி நாலு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போவார். ஒரு நாள் தலை சுற்றி வாசப்படியில் விழுவார். நீங்கள் அவசரமாக டிக்கெட் போட்டு வந்து, "அப்பாவுக்கு வயசாயிடுச்சு அங்கிள்" என்பீர்கள். வயசாகிவிட்டது, சரிதான். ஆனால் கதை ஆரம்பித்தது ஒரே மருந்து இரண்டு பெயரில் டப்பாவுக்குள் புகுந்த இடத்தில்.

மூட்டுவாதத்துக்கு மருந்து சாப்பிடும் அம்மா யார் வீட்டில் இருந்தாலும், இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. பெரிய அளவில் புற்றுநோய்க்குக் கொடுப்பது, சின்ன அளவில் மூட்டுவாதத்துக்கு நன்றாக வேலை செய்யும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் இல்லை. அதோடு ஃபோலிக் ஆசிட் என்று ஒரு சத்து மாத்திரையும் எழுதுவார்கள், அது மற்ற நாட்களில். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரையாக வருவது உண்டு. மெத்தோட்ரெக்சேட் விற்கும் பெயர்களில் ஒன்று ஃபோலிட்ராக்ஸ். ஃபோலிக் ஆசிட் விற்கும் பெயர்களில் ஒன்று ஃபோல்வைட். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண் மங்கிய ஒருவர் மங்கலான சமையலறை வெளிச்சத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மாறிப் போய், மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால் சில நாளிலேயே வாயெல்லாம் புண் வரும், ரத்த அணுக்கள் விழும், காய்ச்சல் வரும். ஆளையே கொன்றுவிடும். "வாய்ப்புண்ணுக்கு ஒரு ஆயில்மென்ட் குடுங்க தம்பி" என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது மூட்டுவலிக்கு என்ன மருந்து என்றுதான்.

இந்த மாத்திரையைத் தினசரி டப்பாவில் போடவே போடாதீர்கள். தனி உறையில் வையுங்கள். உறைமேல் "ஞாயிறு மட்டும்" என்று, அல்லது டாக்டர் சொன்ன கிழமை எதுவோ அதை, தடித்த பேனாவால் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வீட்டில் முப்பது கிடந்தால்தானே தினம் ஒன்று போட முடியும்?

காபி விஷயத்தில் எனக்கு உங்களோடு கொஞ்சம் சண்டை போடவே ஆசை. கும்பகோணத்துக்காரர்களிடம் காலைக் காபியைத் தள்ளிப் போடச் சொல்வது லேசான காரியமா? ஆனால் தைராய்டு மாத்திரை, அதாவது தைராக்சின், வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ டிபனோ. மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியில்லை என்று வரும். டாக்டர் 50-ஐ 75 ஆக்குவார், 75-ஐ 100 ஆக்குவார். தப்பு மாத்திரையின் அளவில் இல்லை, டபரா டம்ளரில் இருக்கிறது. கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் இதேபோலத் தைராக்சினைப் பிடித்து நிறுத்திவிடும். அவற்றுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். "எல்லாத்தையும் காலைல ஒண்ணா முடிச்சுடுவேன்" என்று பெருமையாகச் சொல்லும் அம்மாக்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் கலங்கும்.

விழுங்க முடியவில்லை என்று மாத்திரையைச் சின்ன உரலில் இடித்துத் தயிர்சாதத்தில் கலந்து சாப்பிடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி செய்த மாத்திரை. இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். விழுங்கக் கஷ்டம் என்று டாக்டரிடம் சொன்னால் வேறு வடிவத்தில் எழுதித் தருவார். சொல்வதில்தான் வெட்கம். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு நாள் போடும் அலெண்ட்ரோனேட் மாதிரி சிலதை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுக்கவே கூடாது. முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

வலி மாத்திரைக்கு வருவோம். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும்போது டைலனால் பெரிய பாட்டிலாகக் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். சிங்கப்பூர், துபாய்ப் பிள்ளைகள் பனடால். டைலனால் மேல் அசிட்டமினோஃபென் என்று இருக்கும். அதற்கு நம் ஊர்ப் பெயர் பாரசிட்டமால்! பனடாலும் பாரசிட்டமால்தான், டோலோ 650-யும் அதுதான். "வெளிநாட்டு மாத்திரை ஸ்ட்ராங்கா கேக்குது" என்று டோலோவுக்கு மேலே டைலனாலும் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காய்ச்சலுக்கு டோலோ 650 மூன்று வேளை: 1950 மில்லிகிராம். முட்டிவலிக்கு ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் வலி மாத்திரையில் பாரசிட்டமால் 325 கலந்திருக்கிறது, இரண்டு வேளை: 650. சளி மாத்திரை ஒன்றில் 500, மூன்று வேளை: 1500. கூட்டினால் 4100. நல்ல உடம்புள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4000-தான் உச்சவரம்பு. மெலிந்த உடம்பு, கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம் என்றால் அதற்கும் ரொம்பக் கீழேயே நிற்க வேண்டும். தாண்டினால் கல்லீரல் கெடும். கெடுவது முதல் நாள் வெளியே தெரியாது. இத்தனைக்கும் அவர் எதையும் அளவு மீறிப் போடவில்லை, ஒவ்வொரு அட்டையிலும் சொன்னபடிதான் போட்டார்.

மே மாத லீவில் பேரன் பேத்தியை இங்கே விட்டுவிட்டுப் போகிறீர்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் பாட்டிதான் மருந்து ஊற்றுகிறாள். பாரசிட்டமால் குழந்தை மருந்தே மூன்று பலத்தில் வருகிறது. ஒரு சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் (சிலதில் 120). இன்னொரு சிரப்பில் அதே 5 மில்லியில் 250. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100. பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். சொட்டு மருந்தென்றால் ஒன்று, ஒன்றரை மில்லி போதும். சிரப் என்று நினைத்து அதிலேயே ஒரு ஸ்பூன் ஊற்றினால் 500 போய்விடும். அது பெரியவர்கள் போடும் முழு மாத்திரை.

அந்த ஸ்பூன் வேறு. ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாதபோது என் வீட்டு ஸ்பூன்களைக் கொண்டுவந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். ஊறுகாய் ஸ்பூன் மூன்று மில்லிகூடப் பிடிக்கவில்லை. பாயச ஸ்பூன் எட்டைத் தொட்டது. இரண்டையுமே என் மனைவி "டீஸ்பூன்" என்றுதான் சொல்கிறாள். மருந்தோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ கோடு பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். பாட்டியிடம் இதைச் சொல்லும்போது, "உங்களுக்கு அளவு தெரியாது" என்கிற தொனியில் சொல்லிவிடாதீர்கள். உரைமருந்து இழைத்த கை அது. மாசிக்காய் இத்தனை சுற்று, ஜாதிக்காய் இத்தனை சுற்று என்று உரைகல்லில் எண்ணி இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுத்தவர்கள். ஒரு சுற்று கூடினால் குழந்தை மயங்கிக் கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பாட்டிலில் அச்சடித்த பொடி எழுத்துத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

இருமல் சிரப் கேட்டால், சின்னக் குழந்தைக்கு நான் தருவதில்லை. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். அந்த அக்டோபரில்தான், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை மறுபடி சொன்னது. பழைய சிரப் ஃபிரிட்ஜில் இருந்தால், போனில் சொல்லி இன்றைக்கே அகற்றச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது ஒரு மத்தியானம் எனக்காக ஒதுக்குங்கள். கூடத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் கொட்டுங்கள். டப்பாவில் இருப்பது மட்டுமில்லை. அம்மா தலையணைக்கு அடியில், சாமி அலமாரியில், அப்பாவின் சட்டைப்பையில், ஃபிரிட்ஜ் கதவில், எல்லா இடத்திலும் தேடுங்கள். சத்து மாத்திரை, சூரணம், லேகியம், நீங்களே கொண்டுவந்த பாட்டில்கள் எல்லாம் வரட்டும். கம்பெனிப் பெயரை விடுங்கள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து, ஒரே பெயர் இருப்பதையெல்லாம் ஒரு குவியலாக வையுங்கள். எத்தனை குவியலில் இரண்டு அட்டை சேருகிறது என்று பாருங்கள். அட்டையை ஓரமாகக் கத்தரித்து, பெயரும் தேதியும் போய், வெறும் வெள்ளிக் காகிதமாக நாலு மாத்திரை கிடந்தால் அதைத் தனியே வையுங்கள். இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று வெட்டிக் கொடுத்ததும் நாங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சந்தேகம் வந்ததும் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதய மாத்திரை, வலிப்பு மாத்திரை போன்றவற்றைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். டாக்டரிடம் முழுப் பையையும் காட்டிக் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு ஒரு வெள்ளைத் தாளில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: பெயர், எதற்கு, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. "1-0-1" என்று எழுதாதீர்கள். அதை நூற்றொன்று என்று படித்துவிட்டு என்னிடம் வந்து நின்ற தாத்தா இன்னும் இருக்கிறார். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக்கூடாது என்பதையும் தாளின் அடியில் எழுதிவிடுங்கள்.

ராத்திரி போனில், "போட்டாச்சா?" என்பதற்குப் பதில், "இன்னைக்கு என்னென்ன போட்டீங்கம்மா, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் எரிச்சல்படுவார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் போனுக்குக் காத்திருப்பார்கள்.

பொங்கலுக்கு வருகிறவர்கள் அந்தப் பையை அப்படியே என் கடைக்கும் தூக்கிக்கொண்டு வாருங்கள், பிரித்துப் பார்த்துத் தருகிறேன். மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு வரை கடை சாத்தியிருக்கும். ஆனால் நான் பின்கட்டில்தான் படுத்திருப்பேன், கதவைத் தட்டலாம்.

இப்படிக்கு,
கடைத்தெரு முனை மருந்துக்கடைக்காரன்